சொட்டு விழுற இடம் வேற, ஒழுகுற இடம் வேற

காலையில காபியைக் குடிச்சிட்டு ஷெட்டுப் பக்கம் போறே. டிராக்டருக்குக் கீழே தோசை அளவுக்குக் கறுப்பா ஒரு கறை. உடனே என்ன பண்றே? போனை எடுத்து மெக்கானிக்குக்கு அடிக்கிறே. அவர் வண்டியைக் கண்ணால பார்க்காமலேயே, "பின் சீல் போயிருக்கும்மா, வண்டியைப் பிரிக்கணும்"ங்கிறார். நீயும் சரிங்கிறே. அக்காவுக்குக் கோபம் வர்ற இடம் இதுதான்.

ஏன்னா நானும் அப்படித்தான் சரின்னேன். நவரை நெல்லுக்குச் சேடை, அதாவது சேத்துழவு, ஓட்டுற நேரம். பட்டறையில வண்டியை ரெண்டா பிரிச்சு, புது சீல் போட்டு, சேர்த்துக் கொடுத்தாங்க. மூணாம் நாள் அதே இடத்துல அதே கறை. அப்புறம் அப்பாவோட பழைய கூட்டாளி ஒருத்தர் வந்தார். கீழே குனியவே இல்லை. எஞ்சின் தலைக்கு மேலே டார்ச் அடிச்சார். டாப் கவரோட பின்மூலையில, கை நுழையாத சந்துல, கேஸ்கட் பிதுங்கிக் கிடந்தது. அங்கே கசிஞ்ச ஆயில் எஞ்சினோட முதுகு வழியா இறங்கி, கிளட்ச் ஹவுசிங்கைச் சுத்தி, அடியில வந்து சொட்டியிருக்கு. ஒரு கார்க் கேஸ்கட்டுல முடிஞ்சிருக்க வேண்டிய வேலைக்கு அஞ்சு நாள் வண்டி நின்னுச்சு. எந்தப் பட்டறைன்னு கேட்காதே. அவங்க மேல பாதி தப்பு, கழுவாத வண்டியை இழுத்துக்கிட்டுப் போன என் மேல பாதி தப்பு.

எங்க ஊர் சிறுசேரியில ஏது டிராக்டர்னு கேட்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. சிப்காட் ஐ.டி. பார்க் கண்ணாடிக் கட்டடத்துக்குப் பின்னாடி வந்து பாருங்க. தாழம்பூர், புதுப்பாக்கம், தையூர்னு இன்னும் கழனி இருக்கு, ஏரி இருக்கு, சம்பாவும் நவரையும் இருக்கு. என்ன ஒண்ணு, அதே டிராக்டர் ஒரு வாரம் சேடை ஓட்டும், அடுத்த வாரம் அபார்ட்மென்டுக்குத் தண்ணி டேங்கர் இழுக்கும், அதுக்கடுத்த வாரம் செங்கல் ஏத்தும். ஓட்டுறதும் முன்ன மாதிரி இல்லை. அப்பாவுக்கு முட்டி வலி, தம்பிக்கு வாரத்துல அஞ்சு நாள் லேப்டாப், சனி ஞாயிறுதான் ஸ்டீயரிங். உன்னை மாதிரி நேரமில்லாதவங்களுக்காகத்தான் இதை எழுதறேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலமும் ஞாயித்துக்கிழமை காலையும் ஒதுக்கு. போதும்.

வேலையை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி: சமதரையில நிறுத்து. கலப்பையோ ரோட்டவேட்டரோ மாட்டியிருந்தா தரையில இறக்கு. ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை எடுத்து உன் பாக்கெட்ல வெச்சுக்கோ. துப்பட்டா, புடவைத் தலைப்பு, தொங்குற செயின் எதுவும் ஃபேன் பக்கம் வரக்கூடாது. இதை நான் ரெண்டாவது தடவை சொல்ல மாட்டேன்.

1. முதல்ல, அது எந்த எண்ணெய்?

கறுப்பா இருந்தா எல்லாம் எஞ்சின் ஆயில்னு நினைக்காதே. பழைய செய்தித்தாள்ல ஒரு சொட்டு பிடி. பத்து நிமிஷம் விட்டுட்டுப் பாரு.

• நடுவுல கறுப்பா நின்னு, ஓரம் மெதுவா பரவினா எஞ்சின் ஆயில்.
• சட்டுனு அகலமா பரவி, பேப்பர் கண்ணாடி மாதிரி ஆகி, வாசனை மூக்கைத் துளைச்சா டீசல்.
• தேன் நிறத்துல, கெட்டியா இருந்தா கியர் பெட்டி ஆயில் இல்லேன்னா ஹைட்ராலிக் ஆயில். பல வண்டிகள்ல ரெண்டும் ஒண்ணுதான். ஆனா போன வாரம்தான் எஞ்சின் ஆயில் மாத்தினேன்னா கொஞ்சம் யோசி. புது ஆயிலும் தேன் நிறம்தான். டீசல் எஞ்சின்ல சில மணி நேரம் ஓடினா அது கறுத்துடும்.
• பச்சையாவோ சிவப்பாவோ வழவழன்னு தண்ணியா இருந்தா கூலன்ட். நாக்குல வெச்சுப் பார்க்கிற ஆசாமிகள் இருக்காங்க. இனிக்கும், ஆனா விஷம். நாயும் கன்னுக்குட்டியும் நக்காம பார்த்துக்கோ.

இந்தப் பத்து நிமிஷத்தை மிச்சம் பிடிச்சவங்க, டீசல் ஒழுகுற வண்டிக்கு எஞ்சின் சீல் மாத்தினதை நான் பார்த்திருக்கேன்.

2. கழுவாம கண்டுபிடிக்காதே

சேடை ஓட்டின வண்டியில சேறும் எண்ணெயும் சேர்ந்து அப்பளம் மாதிரி ஒட்டியிருக்கும். அதுக்கு மேல என்ன டார்ச் அடிச்சாலும் ஒண்ணும் தெரியாது. எஞ்சின் நல்லா ஆறட்டும். முதல்ல புட்டி தகடால சுரண்டு. அப்புறம் மண்ணெண்ணெய், அது கிடைக்கலேன்னா டீசல், பழைய பெயின்ட் பிரஷ்ஷால தேய். கடைசியா சோப்புத்தூள் தண்ணி. பெட்ரோல் வேண்டவே வேண்டாம், தீப்பொறி ஒண்ணு போதும்.

சர்வீஸ் ஸ்டேஷன்ல விட்டு பிரஷர்ல அடிச்சா சீக்கிரம் முடியும்தான். ஆனா ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், ஆயில் ஊத்துற மூடி, பிரீதர் குழாய், ஏர் ஃபில்டர் வாய், எல்லாத்துக்கும் பாலித்தீன் கவர் கட்டச் சொல்லு. சீல் உதட்டுக்கு நேரா பிரஷர் தண்ணி அடிச்சா, ஒழுகாத சீலும் ஒழுக ஆரம்பிக்கும். சூட்டோட இருக்கிற எஞ்சின்ல பச்சைத் தண்ணி அடிச்சா வார்ப்பே வெடிக்கலாம்.

கழுவின தண்ணியை நாத்தங்கால் பக்கமோ வாய்க்கால்லயோ விடாதே. மண்தரையில ஒரு பழைய தார்ப்பாய் விரிச்சுக்கிட்டு கழுவு.

3. பவுடர் போடு

இதுதான் நான் உனக்குச் சொல்ற பெரிய குறுக்கு வழி. நல்லா காய்ஞ்சதும், சந்தேகம் வர்ற இடமெல்லாம் முகத்துக்குப் போடுற டால்கம் பவுடரைத் தட்டி விடு. டாப் கவரைச் சுத்தி, ஹெட் சேர்ற இடம், முன்பக்க டைமிங் கவர், ஃபில்டர் அடி, பம்ப் சேர்ற இடம், ஆயில் சேம்பர் ஓரம். வெள்ளையா அப்பிக்கிட்டு வண்டி பொம்மை மாதிரி நிக்கும், பிள்ளைங்க சிரிக்கும், பரவாயில்லை. கோலமாவு வேண்டாம். கல்மாவா இருந்தா சீல்ல போய் உரசும்.

வண்டியை ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் ஐடில்ல விடு. நிறுத்திப் பாரு. ஒண்ணும் தெரியலேன்னா இருபது நிமிஷம் லோடோட ஓட்டிட்டு வந்து நிறுத்திப் பாரு. சில கசிவு எஞ்சின் சூடேறி ஆயில் இளகினாத்தான் வெளியே வரும், சிலது பாரம் இழுக்கும்போதுதான் வரும். வெள்ளைப் பவுடர்ல ஈரமா ஒரு கோடு இறங்கியிருக்கும். அந்தக் கோட்டோட தலை எங்கேயோ, அதுதான் உன் ஓட்டை.

எஞ்சின் ஓடும்போது பவுடர் தட்டாதே, துணியால துடைக்காதே. டீசல் பைப் பக்கம் கையால தடவிப் பார்க்கவே கூடாது. இன்ஜெக்டர் பைப்புல ஊசி முனை ஓட்டை இருந்தாலும், அந்த அழுத்தத்துல டீசல் தோலைத் துளைச்சு உள்ளே போயிடும். வெளியே ஒரு சின்னப் புள்ளி மாதிரிதான் தெரியும். உள்ளே சதை அழுகும். அப்படி ஆச்சுன்னா, அடுத்த நிமிஷம் ஆஸ்பத்திரிதான். ஹைட்ராலிக் ஹோசுக்கும் இதே பேச்சு. சந்தேகம்னா ஒரு அட்டையை நீட்டிப் பாரு, கையை நீட்டாதே.

4. மேலே பாரு, முன்னாலே பாரு

ஆயில் கீழே இறங்கும். அது உனக்கே தெரியும். நீ மறக்கிறது ஃபேனை. ரேடியேட்டர் வழியா காத்தை இழுத்து எஞ்சின் மேலே பின்பக்கமா அடிக்கிறது அது. முன் சீல்ல கசிஞ்ச ஆயிலை அந்தக் காத்து அள்ளி, பக்கவாட்டுல பூசி, பின்னாலே கொண்டு போய் வெச்சிடும். அதனால ஈரம் இருக்கிற இடத்துலேயே எது ரொம்ப மேலே, எது ரொம்ப முன்னாலேன்னு பாரு. அங்கே ஆரம்பி. சொட்டுற இடத்துல ஆரம்பிச்சா என் கதைதான் உனக்கும்.

கை நுழையாத சந்துக்குப் போன் கேமராவை நீட்டி வீடியோ எடு. எஞ்சினோட முதுகைப் பார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது.

5. சீல் மாத்துறதுக்கு முன்னாடி பிரீதரைப் பாரு

இதை மட்டும் நல்லா மனசுல வாங்கிக்கோ. எஞ்சினுக்குள்ளே பிஸ்டன் ஓரமா கொஞ்சம் காத்து கீழே தப்பிக்கும். புது எஞ்சின்லயும் தப்பிக்கும். அது வெளியே போறதுக்கு ஒரு குழாய் இருக்கு, அதுதான் பிரீதர். அது அடைச்சா, காத்து உள்ளேயே அழுத்தி, எந்த சீல் இளைச்சவனோ அதைத் தள்ளிக்கிட்டு ஆயிலோட வெளியே வரும். நீ முன் சீல் மாத்தினா பின் சீல்ல வரும். பின் சீல் மாத்தினா டிப்ஸ்டிக் வழியா வரும். மூணு சீல் மாத்தினவங்க இருக்காங்க, கடைசியில குழாய்க்குள்ளே குளவிக் கூடு.

ஆமா, குளவிதான். வண்டி ஒரு மாசம் சும்மா நின்னா மண்ணை உருட்டிக் கொண்டு வந்து கட்டிடும். சேடை ஓட்டும்போது தெறிக்கிற சேறும் குழாய் வாயில காய்ஞ்சு அடைக்கும். குழாயைக் கழட்டி, டீசல்ல ஊறவெச்சு, ஒரு சைக்கிள் ஸ்போக் கம்பியை விட்டுக் குத்து. அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியணும். உள்ளே கம்பிவலை மாதிரி இருந்தா அதையும் அலசி உலர்த்திப் போடு. செலவு பைசா இல்லை.

பிரீதர் சுத்தமா இருந்தும் குபுகுபுன்னு புகை வருதா? எஞ்சின் சூடானதும் ஐடில்ல விட்டு, ஆயில் ஊத்துற மூடியைத் திறந்து, அதே ஓட்டை மேலே தலைகீழா வை. லேசா ஆடினா கவலையில்லை. துள்ளிக் கீழே விழுந்தா பேக் கம்ப்ரஷன் அதிகம்னு அர்த்தம். ரிங், லைனர் தேய்ஞ்சிருக்கு. அப்போ சீல் மாத்தி ஒரு பிரயோஜனமும் இல்லை, காசுதான் தண்டம். எஞ்சின் வேலைக்குப் பணம் சேர்த்துக்கோ.

6. ஆயில் குறையாம கூடுதா? வண்டியை நிறுத்து

குறையிறதைப் பார்த்துப் பயப்படுறவங்க, கூடறதைப் பார்த்துச் சந்தோஷப்படுறாங்க! ஆயில் தானா ஊறாது. வண்டிக்குள்ளே மூணு காரணம் இருக்கலாம்.

டிப்ஸ்டிக்கைத் துடைச்சு விட்டு எடு. மோந்து பாரு. டீசல் வாசனை வந்து, ஆயில் தண்ணியா விரல்ல ஓடினா, ஃபீட் பம்ப் டயாஃபிரம் கிழிஞ்சோ, பெரிய டீசல் பம்போட சீல் வழியாவோ டீசல் சேம்பருக்குள்ளே இறங்குது. அந்த ஆயிலோட ஓட்டினா பேரிங் போகும். அதைவிட மோசம், நிறைய இறங்கிட்டா எஞ்சின் அந்தக் கலவையையே குடிச்சுக்கிட்டுத் தறிகெட்டு ஓடும், சாவியைத் திருப்பினாலும் நிக்காது.

வாசனை இல்லை, ஆனா கூடியிருக்கு, ஹைட்ராலிக் ஆயில் மட்டும் குறையுதுன்னா, எஞ்சினோட சேர்ந்து சுத்துற ஹைட்ராலிக் பம்போட ஷாஃப்ட் சீலைப் பாரு. வெளியே ஒரு சொட்டு விழாது, உள்ளுக்குள்ளேயே மாறிக்கிட்டிருக்கும்.

பால் ஊத்தின காபி மாதிரி இருந்தா தண்ணி கலந்திருக்கு. ஹெட் கேஸ்கட், லைனர் ரிங், ஆயில் கூலர், இதுல ஒண்ணு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் மழைக்குத் தண்ணியில நின்ன வண்டிகளை, வெயில் அடிச்சதும் ஆசையா ஸ்டார்ட் பண்ணினாங்க பாரு, அவங்களுக்கும் இதே காபிதான். தண்ணியில நின்ன வண்டிக்கு முதல்ல ஆயிலை இறக்கிப் பார்க்கணும். சாவி அப்புறம்.

இந்த மூணு இல்லேன்னா, நீயே அதிகமா ஊத்தியிருப்பே. வரப்புல சாய்ஞ்சு நிக்கிற வண்டியில டிப்ஸ்டிக் பார்த்து ஊத்தினா இப்படித்தான் ஆகும். சமதரை, நிறுத்தி பத்து நிமிஷம், அப்புறம்தான் அளவு. மேல்கோட்டைத் தாண்டினா அது பிரீதர் வழியா துப்பும், நீ லீக்குனு நினைப்பே.

7. சின்ன சாமான்ல ஆரம்பி

பெரிய வேலைன்னு பயப்படாதே. நான் பார்த்த வரைக்கும் பாதிக்கு மேலே இந்த நாலுலதான் முடிஞ்சிருக்கு.

• ஆயில் ஃபில்டர்: பழசைக் கழட்டும்போது அதோட ரப்பர் வளையம் எஞ்சின் முகத்துலேயே ஒட்டிக்கும். அதைப் பார்க்காம புதுசை மாட்டினா வளையம் ரெண்டு, லீக் நிச்சயம். முகத்தை விரலால தடவிப் பாரு. புது வளையத்துல ஆயில் தடவி, கையாலேயே திருகு. முகம் தொட்ட பிறகு முக்கால் சுத்து. ஸ்பேனர் போட்டு முறுக்காதே.
• ஆயில் பிரஷர் சுவிட்ச்: நடுவுல இருக்கிற பிளாஸ்டிக் வழியா கசிஞ்சு, ஒயர் வழியா இறங்கும். ஒயர் கனெக்டரைக் கழட்டிப் பாரு, உள்ளே எண்ணெய் இருந்தா ஆள் அவன்தான். விலை குறைஞ்ச சாமான், மாத்திடு.
• டிரெயின் பிளக் வாஷர்: செம்பு வாஷரா இருந்தா அடுப்புல சிவக்கக் காய்ச்சித் தண்ணியில போடு, மறுபடி மெத்துனு ஆகும், இன்னொரு தடவை பயன்படுத்தலாம். அலுமினிய சேம்பர்ல பலம் காட்டாதே, மரை போச்சுன்னா ஒரு வாஷர் காசு பத்து மடங்காகும்.
• பைப் போல்ட்டுகள்: ஆயில் பைப் சேர்ற இடத்துல போல்ட்டுக்கு மேலே ஒரு வாஷர், கீழே ஒரு வாஷர். கழட்டினவர் கீழ் வாஷரைத் தொலைச்சிருப்பார். எண்ணிப் பாரு.

8. டாப் கவர்

ஒழுகுதேன்னு முறுக்கினா தகடு வளையும். போல்ட் இருக்கிற இடம் மட்டும் குழிஞ்சு, நடுவுல தூக்கிக்கும். முறுக்க முறுக்க அதிகமாத்தான் ஒழுகும். கழட்டி, சமமான கண்ணாடி மேலே வெச்சுப் பாரு. குழிஞ்ச இடத்தை உள்பக்கமிருந்து மரக்கட்டை வெச்சு மெதுவா தட்டிச் சமப்படுத்து. பழைய கேஸ்கட் துணுக்கை முழுசா எடு, அது எஞ்சினுக்குள்ளே விழக்கூடாது. புது கார்க்கைப் போட்டு, எதிரெதிர் போல்ட்டா, கொஞ்சம் கொஞ்சமா பிடி.

அனபாண்ட் பசை தடவணும்னா மெல்லிசா, பூரிக்கு எண்ணெய் தடவற மாதிரி தடவு. புழு மாதிரி பிதுங்குற அளவு தடவினா, உள்ளே பிதுங்கினது பிச்சுக்கிட்டுப் போய் சேம்பர்ல இருக்கிற ஆயில் வடிகட்டியை அடைக்கும். ஒழுகல் நிக்கும், எஞ்சினும் நின்னுடும்.

9. முன் சீல்

கிராங்க் புல்லியைக் கழட்டி, சீல் உரசுற இடத்துல நகத்தை ஓட்டிப் பாரு. நகம் சிக்கினா அங்கே பள்ளம் விழுந்திருக்கு. எத்தனை சீல் போட்டாலும் அந்தப் பள்ளத்து வழியா ஒழுகும். ஸ்லீவ் ஏத்தணும், இல்லேன்னா புல்லியை மாத்தணும். பல பேர் புது சீல் மட்டமானதுன்னு கடைக்காரரோட சண்டைக்குப் போறது இதனாலதான்.

இன்னொண்ணு, இது எஞ்சின் இல்லேன்னாலும் சொல்லிடறேன். கோவளம், நெம்மேலி பக்கம் ஓட்டுறவங்க வண்டியில பழைய வலை நைலான் நூல் அச்சுல சுத்திக்கும். சீல் உதட்டை அறுத்து ஆயில் ஒழுகும். சக்கரத்து உள்பக்கம் ஈரமா இருந்தா முதல்ல நூலைத் தேடு.

10. நிஜமாவே பின் சீலா?

கிளட்ச் ஹவுசிங் அடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கும், சில வண்டியில அதுல ஒரு பின் தொங்கும். பக்கமெல்லாம் காய்ஞ்சு, பவுடர் வெள்ளையா அப்படியே இருந்து, அந்த ஓட்டையில மட்டும் சொட்டினாத்தான் உள்ளே லீக். கறுப்பு ஆயில்னா கிராங்கோட பின்பக்க சீல். தேன் நிறம்னா கியர் பெட்டி முன் ஷாஃப்ட் சீல். ரெண்டும் வேற வேற சாமான், மெக்கானிக்குகிட்ட நிறத்தைச் சொல்லு. கிளட்ச் வழுக்குறது, கருகல் வாசனை வர்றதும் கூட இருந்தா சந்தேகமே வேண்டாம்.

சேத்துல இறங்கும்போது தண்ணி போகாம இருக்க அந்த ஓட்டைக்குச் சிலர் பிளக் போடுவாங்க. சேடை முடிஞ்சதும் எடுக்கணும். எடுக்காம விட்டா ஒழுகலே தெரியாது, ஆயில் உள்ளேயே தேங்கி கிளட்ச் பிளேட்டை ஊறவெச்சிடும்.

பழைய மூணு சிலிண்டர் எஞ்சின் சிலதுல பின்னாலே ரப்பர் சீலே கிடையாது, கயிறு மாதிரி பேக்கிங்தான். அது லேசா ஈரம் காட்டும். நாளைக்கு ரெண்டு சொட்டுன்னா விட்டுத் தள்ளு. பிரிச்சே ஆகணும்னா அறுவடை முடிஞ்சு அடுத்த போகத்துக்கு முன்னாடி பிரி. பிரிச்ச கையோட கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், கியர் பெட்டி சீல் எல்லாத்தையும் பார்த்துடு, அதே கூலியை ரெண்டு தடவை கொடுக்காதே. வண்டி நிக்கிற நாளுக்கு வேளாண்மைப் பொறியியல் துறையில மணிக்கணக்குல டிராக்டர் வாடகைக்குக் கிடைக்கும், உழவன் செயலியில பதிவு பண்ணலாம்.

11. தண்ணி டேங்கர் இழுக்கிறவங்களுக்குத் தனியா

அபார்ட்மென்ட் வாசல்ல பம்பை ஓட விட்டுட்டு, ஒரு மணி நேரம் எஞ்சினை ஐடில்லயே விடறீங்க இல்லையா? பாரமில்லாம ஓடுற டீசல் எஞ்சின் போதுமான அளவு சூடாகாது. சரியா எரியாத டீசலும் ஆயிலும் சைலன்சர் பக்கம் கறுப்பா, தார் மாதிரி, மேனிஃபோல்ட் இணைப்புல வழியும். பார்த்தா ஹெட் கேஸ்கட் லீக் மாதிரியே இருக்கும். ஹெட்டை அவிழ்க்காதே. ரெண்டு நாள் நல்ல பாரத்தோட ஓட்டு. நின்னு போனா அது லீக்கே இல்லை. சும்மா நிக்கும்போது எஞ்சினை அணைச்சுப் பழகு, டீசலும் மிச்சம்.

12. உப்புக் காத்து

உப்பளம் இருக்கிற கேளம்பாக்கத்துக்குப் பக்கத்துல நாம இருக்கோம். தகடு சேம்பர், ஸ்டீல் பைப் எல்லாம் வெளியே பெயின்ட்டா தெரியும், உள்ளே துரு தின்னுக்கிட்டிருக்கும். சேறு ஒட்டின இடத்துல இன்னும் வேகமா. கேஸ்கட் நல்லா இருந்தும் சேம்பர் நடுவுல ஈரம்னா, கழுவிட்டு ஸ்க்ரூ டிரைவர் பிடியால லேசா தட்டிப் பாரு. மொத்தையான சத்தம் வர்ற இடம் இத்துப் போயிருக்கு. எம்சீல் வெச்சு ஒப்பேத்தாதே, நடுக்கழனியில விழுந்துடும். வருஷத்துக்கு ஒரு தடவை சுரண்டி, ரெட் ஆக்சைடு பூசி வை.

13. எவ்வளவு ஒழுகினா ஓட்டலாம்?

கணக்குப் போடு. நொடிக்கு ஒரு சொட்டுன்னா மணிக்கு 3,600 சொட்டு. மில்லிக்கு 20 சொட்டுன்னு வெச்சா 180 மில்லி. எட்டு மணி நேரம் சேடை ஓட்டினா 1.4 லிட்டருக்கு மேலே. மினி டிராக்டர் எஞ்சின்ல மொத்த ஆயிலே மூணு, நாலு லிட்டர்தான். "சொட்டுதான்க்கா"ன்னு சொல்றவங்களுக்கு இதைத்தான் எழுதிக் காட்டுவேன். ராத்திரி முழுக்க நாலஞ்சு சொட்டுன்னா தினமும் டிப்ஸ்டிக் பார்த்துக்கிட்டு ஓட்டு. ஓடும்போது கண்ணெதிரே சொட்டினா ஓட்டாதே. ஆயில் லைட் எரிஞ்சா கரை வரைக்கும் போயிடலாம்னு நினைக்காதே, நின்ன இடத்துலேயே அணை.

14. சாமான் வாங்கும்போது

பழைய சீலைத் தூக்கிப் போடாதே. அதோட முகத்துல மூணு எண் இருக்கும், உதாரணமா 45, 62, 8. உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன். அதை போட்டோ எடுத்துக்கோ. சிம்சன் எஞ்சின் வண்டியா இருந்தா உனக்குக் கவலையே இல்லை. 1840லேர்ந்து இருக்கிற கம்பெனி, எஞ்சின் செய்யறது நம்ம செம்பியத்துல. சென்னை ஜி.பி. ரோட்டுல தேடினா கிடைக்காத சீல் குறைவு. கம்பெனி சீலுக்கும் லோக்கல் சீலுக்கும் விலை வித்தியாசம் கொஞ்சம்தான், பின் சீலுக்கு மட்டுமாவது கஞ்சத்தனம் பண்ணாதே. மாட்டும்போது ஸ்பிரிங் இருக்கிற பக்கம் ஆயிலைப் பார்த்து இருக்கணும், உதட்டுல ஆயில் தடவணும், சுத்தியால நேரா அடிக்காம பழைய சீலை மேலே வெச்சுத் தட்டணும்.

இதெல்லாம் பண்ணாதே

• ஒழுகுதுன்னு புத்தகத்துல போட்டிருக்கிறதைவிடக் கெட்டியான ஆயில் ஊத்தாதே. காலையில ஸ்டார்ட் பண்ணும்போது சீக்கிரம் மேலே ஏறாது.
• லீக் நிறுத்துற மருந்துன்னு பாட்டில்ல விக்கிறதை ஊத்தாதே. ரப்பரை உப்ப வைக்கும், கொஞ்ச நாள்ல ரப்பர் நைஞ்சு போகும்.
• ஒரே நேரத்துல மூணு இடத்தை மாத்தாதே. எது சரியாச்சுன்னு உனக்கே தெரியாது.
• இறக்கின ஆயிலை வாய்க்கால்லயும் வேலி ஓரத்துலயும் கொட்டாதே. கேன்ல சேர்த்து, பழைய ஆயில் எடுக்கிறவங்ககிட்ட கொடு.

சனிக்கிழமை சாயங்காலம் கழுவி, பவுடர் போட்டு, ஓட்டிப் பார்த்து, கீழே சுத்தமான அட்டை விரிச்சு வெச்சிட்டுப் படு. அட்டையில எஞ்சின் முன்பக்கம் எது, பின்பக்கம் எதுன்னு பேனாவால எழுதி வை. ஞாயித்துக்கிழமை காலையில அந்த அட்டையையும் பவுடர் கோட்டையும் போட்டோ எடுத்துட்டு, அதுக்கப்புறம் மெக்கானிக்குக்குப் போன் போடு.